பில் போடும் முன் பிள்ளை பாக்கெட்டைப் பிரித்தால்

மளிகைச் சாமான் வாங்கப் போகிறோம். கூடவே மூன்று வயதுப் பிள்ளை. பருப்பையும் எண்ணெயையும் எடுத்து முடிப்பதற்குள் பிள்ளையின் கைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் எட்டிவிடுகிறது. பிடுங்கினால் கடையே திரும்பிப் பார்க்கும்படி அழும். பிரித்துக் கொடுத்தால் பத்து நிமிடம் நிம்மதி. எப்படியும் காசு கொடுக்கத்தானே போகிறோம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். இன்னும் நம்முடையது ஆகாத பொருளில் பிள்ளை வாய் வைக்கலாமா என்று முகம் சுளிப்பவர்களும் பலர். ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேடு போன்ற ஊரில் இந்த இரண்டு வகையினரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அம்மா பிரித்துக் கொடுப்பார், பாட்டி தடுப்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்த பிறகு சாப்பிடுவதுதான் சரி. அதுவரை பொறுக்க முடியாத நேரம் வந்தால், பாக்கெட் பிரிவதற்கு முன்னால் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். அந்தப் பத்து ரூபாய்க்காக அடி வாங்குகிற பிள்ளைகளும் இந்த நாட்டில் இருப்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுப்பது நமக்குப் புதிதே இல்லை. ஓட்டலில் இலையை எடுத்த பிறகுதான் பில் வரும். டீக்கடையில் தட்டிலிருந்து வடையை நாமே எடுத்துக் கடிக்கிறோம். போகும்போது மாஸ்டர் "எத்தனை?" என்று கேட்க, "ரெண்டு டீ, மூணு வடை" என்கிறோம். எண்ணிப் பார்ப்பவர் யாரும் இல்லை. மளிகைக் கடையிலும் கணக்கு நோட்டு உண்டு. எண்ணெய் தீர்ந்து, பருப்பு வெந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான், சம்பள நாளில், காசு போகும். இந்த நோட்டு வழக்கம் எவ்வளவு உறுதியானது என்பதற்குச் சத்தியவேட்டையே பாருங்கள். 1960 ஏப்ரல் 1 வரை அது அன்றைய சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, இந்த ஊர் ஆந்திராவுக்கு வந்தது. பிறகு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். ஆட்சி மாறி, மாவட்டம் மாறி, அலுவலகப் பலகையின் எழுத்தும் மாறியது. தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் ஒரே கடையில் ஒரே நோட்டில் கடன் சொல்லி வாங்கும் வழக்கம் மாறவில்லை.

ஆகவே காசு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி ஆகாது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் விற்பவருக்குத் தெரிந்துதான் பொருள் கை மாறுகிறது. வடைத் தட்டை நம் பக்கம் வைத்தவர் மாஸ்டர். நோட்டில் எழுதியவர் கடைக்காரர். பழைய மளிகைக் கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் சாமான், இந்தப் பக்கம் நாம். மிட்டாய் ஜாடியைத் திறக்கிற கை கடைக்காரருடையது. பிள்ளை கேட்கும், அவர் எடுத்துக் கொடுப்பார், அந்த நொடியில் அது கணக்கில் ஏறிவிடும். வாங்குவதற்கு முன்னால் சாப்பிடலாமா என்ற கேள்வி எழுவதற்கே அங்கே இடம் இல்லை.

அந்த மேசையை எடுத்த பெருமை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1916-இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் திறந்த பிக்லி விக்லி கடைக்குச் சொல்லப்படுகிறது. வாடிக்கையாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்து, வேண்டியதை எடுத்து, வெளியே போகும் வழியில் காசு கொடுக்கும் ஏற்பாடு அங்கே தொடங்கியது. சென்னையில் 1996-இல் ஃபுட்வேர்ல்டு வந்தபோது நம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பழக்கமாகத் தொடங்கியது. இப்போது சிறிய ஊர்களிலும் மேசையைப் பின்னுக்குத் தள்ளி, நாமே எடுத்துக்கொள்ளும் ரேக்குகளை வைத்த கடைகள் வந்துவிட்டன. பிள்ளைக்குப் பிடித்த பொருள் பெரும்பாலும் கீழ்த்தட்டில், அதன் கண் உயரத்தில் இருக்கும். கடைக்காரர் கொடுத்த இடத்தில் இப்போது பிள்ளையே எடுக்கிறது. எடுப்பதற்கும் காசு கொடுப்பதற்கும் நடுவே பத்து இருபது நிமிடம் ஓடுகிறது. நம் சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, இன்ன பொருள் என்று தெரிந்து, கொடுக்கத் தயாராக இருக்கும் சரக்கை விற்க ஒப்பந்தம் ஆகிவிட்டால், காசு பிறகு வந்தாலும் பொருள் வாங்குபவருடையது ஆகலாம். 20-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கணக்கு நோட்டு நிற்பது இந்த அடிப்படையில்தான். வேறு பேச்சு எதுவும் இல்லாதபோது பொருளும் காசும் ஒரே நேரத்தில் கை மாற வேண்டும் என்பது 32-ஆம் பிரிவு. அப்படியானால் ஒப்பந்தம் எப்போது ஆகிறது? அலமாரியிலிருந்து எடுக்கும்போதா, பில் போடும்போதா?

இதே கேள்வி இங்கிலாந்தில் ஒரு வழக்காக வந்தது. லண்டனை அடுத்த எட்ஜ்வேரில் பூட்ஸ் என்ற மருந்துக்கடை, வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. சில மருந்துகளை மருந்தாளுநர் மேற்பார்வையில்தான் விற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மருந்தாளுநரோ பணம் கட்டும் இடத்தருகே நின்றார். எடுத்த உடனேயே விற்பனை நடந்துவிட்டால் கடை சட்டத்தை மீறியதாகிவிடும். 1953-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அலமாரியில் வைத்திருப்பது வாங்க வரும்படியான அழைப்பு மட்டுமே, வாடிக்கையாளர் பொருளைக் காசாளரிடம் கொண்டுபோய் நீட்டுவதுதான் கேட்பு, அவர் ஏற்றுக்கொள்ளும்போதுதான் விற்பனை. கூடையில் போட்ட பொருளை மனம் மாறித் திருப்பி வைக்கும் உரிமை நமக்கு இருப்பதும் இதனால்தான். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நம் கல்லூரிகளிலும் இந்த வழக்கைச் சொல்லித்தருகிறார்கள்.

பிள்ளை பிரித்த பாக்கெட்டுக்கு வருவோம். பில் போடும் வரை அது கடைக்காரருடைய பொருள். பிரித்த பிறகு திருப்பி வைக்க முடியாது, வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. மனம் மாறும் உரிமையை நாம் இழந்துவிட்டோம், மறுக்கும் உரிமையை அவர் இழந்துவிட்டார். எடை போட்டு விற்கும் பொருளென்றால் இன்னும் மோசம். பிஸ்கட்டுக்கு உறையாவது மிஞ்சும், அதிலுள்ள கோடுகளைக் காட்டிப் பில் போடலாம். வயிற்றுக்குள் போன திராட்சையை எந்தத் தராசில் வைப்பது? வாழைப்பழத் தோலை வைத்து எடை போட முடியுமா? ஆகவே எண்ணிக்கையில் விற்பதற்குச் சொல்லும் சமாதானம் எடையில் விற்பதற்குப் பொருந்தாது. அங்கே காசு கொடுக்கும் எண்ணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகிறது. சந்தையில் மாம்பழ வியாபாரி தானே ஒரு கீற்று வெட்டி நீட்டுவதும், வெல்லத்தில் ஒரு துணுக்கு உடைத்துக் கொடுப்பதும் வேறு. அது அவர் கொடுத்தது.

திருட்டு ஆகுமா என்றால், ஆகாது. காசு கொடுக்கும் நோக்கத்தோடு பிரித்துக் கொடுத்த தாயிடம் நேர்மையற்ற எண்ணம் இல்லை. அந்த எண்ணம் இல்லாமல் சட்டத்தில் திருட்டு இல்லை. பிள்ளையைப் பொறுத்தவரை இன்னும் தெளிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவுப்படி ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே இல்லை. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரியும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 21-ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 82, 83 என்ற எண்களில் இருந்தவைதான் இவை. உறையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போகும் பெரியவருக்கு மட்டும் இந்த அடைக்கலம் கிடையாது.

சட்டம் இவ்வளவு இடம் தருகிறது. கடையும் பல நேரம் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறது. அப்புறம் ஏன் நான் இதில் பிடிவாதமாக நிற்கிறேன்? யாரைப் பார்த்துக் கடை சிரிக்கிறது என்பதற்காக.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தால் "வாலு" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அதே முறுக்கை அழுக்குச் சட்டையோடு தனியே வந்த பிள்ளை எடுத்தால் கேட்கிற குரலே வேறு. சத்தியவேட்டைச் சுற்றி இது வெறும் கற்பனை இல்லை. பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வளர்ந்திருக்கிறது. கேட்பரி சாக்லேட் செய்யும் மொண்டெலெஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை 2016-இல் அங்கே திறக்கப்பட்டது. நம் பிள்ளை கேட்டு அழும் சாக்லேட் சில மைல் தொலைவில் செய்ததாகவே இருக்கலாம். தொழிற்சாலைகளும் கட்டட வேலைகளும் வளர்ந்தால் வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் குடும்பங்கள் வரும். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழும் வராது, தெலுங்கும் வராது. "அம்மா வந்து காசு கொடுப்பாங்க" என்று சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை, மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்து ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அதற்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

2025 மே மாதம் மேற்கு வங்காளத்தில், கிழக்கு மெதினிப்பூர் மாவட்டத்துப் பான்ஸ்குரா பகுதியில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்மேல் கடையிலிருந்து சிப்ஸ் பாக்கெட் திருடியதாகப் பழி விழுந்தது. ஊர் பார்க்கப் பொது இடத்தில் அவமானப்படுத்தப்பட்டான். அந்தச் சிறுவன் உயிரை மாய்த்துக்கொண்டான். தான் திருடவில்லை என்று அம்மாவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனதாகச் செய்திகள் வந்தன. காசு கொடுப்பதற்கு முன்னால் எடுப்பதும் திருடுவதும் ஒன்றாகப் பார்க்கப்படும் இடத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் எங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நடந்தது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தின்பண்டம் வாங்கக் காசோடு வந்த தலித் பிள்ளைகளுக்குத் தர மாட்டேன் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். கடைக்குச் சீல் வைத்து, அவரைக் கைது செய்தார்கள். காசு நீட்டியும் கிடைக்காத பிள்ளை ஒரு பக்கம், காசு நீட்டாமலே பிரித்துத் தின்னும் பிள்ளை இன்னொரு பக்கம் என்று ஒரே நாட்டில் இருக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வழக்கம் இருந்தால்தான், செல்லம் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு அது காப்பு. நம் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கும் என்று தெரிந்தும் அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான்.

பத்து நிமிடம் பொறு என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வது கொடுமையா? நம் பிள்ளைகளுக்குக் காத்திருக்கத் தெரியும். பிள்ளையார் சதுர்த்தியன்று கொழுக்கட்டை வாசனை வீடு முழுவதும் அடித்தாலும் படையல் முடியும் வரை எந்தப் பிள்ளையும் தொடாது. கட்டாயம் கிடைக்கும் என்பதும் எப்போது கிடைக்கும் என்பதும் அதற்குத் தெரியும். இந்த நம்பிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு மிட்டாயைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவோம் என்று குழந்தைகளிடம் சொல்லும் சோதனை ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் தொடங்கியது, புகழ் பெற்றது. ரோச்செஸ்டர் ஆய்வாளர்கள் அதற்கு முன்னால் ஒரு படி சேர்த்தார்கள். சில குழந்தைகளிடம் ஒரு பொருள் கொண்டுவருவதாகச் சொல்லிச் சொன்னபடியே கொடுத்தார்கள். மற்றவர்களிடம் சொல்லிவிட்டு ஏமாற்றினார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடத்தில் மிட்டாயை எடுத்துவிட்டார்கள்.

"பில் போட்டதும் தரேன்" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டு, பில் போட்டதும் "வீட்டுக்குப் போய் சாப்பிடலாம்" என்று பையில் போடுகிறோம். அடுத்த முறை பிள்ளை கடைக்குள்ளேயே பிரிப்பதில் வியப்பில்லை. தருவதாகச் சொன்னால் காசு கொடுத்த அந்த நிமிடமே, கடை வாசலிலேயே, பிரித்துக் கையில் கொடுக்க வேண்டும். தர மாட்டோம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழட்டும், அது பரவாயில்லை.

உடல்நலத்தைப் பற்றியும் கொஞ்சம். ரேக்கிலிருந்து எடுத்த பழம் கழுவாதது. பாக்கெட்டானால் தேதியும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் பார்க்காமலே பிரிந்துவிடுகிறது. பாலோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இது ஆபத்து. தள்ளுவண்டியில் ஆடி அசைந்து போகும்போது, தாயின் கவனம் விலைச்சீட்டில் இருக்கும்போது, கடலையோ திராட்சையோ தொண்டையில் சிக்கினால் உடனே தெரியாது. நான்கு வயது தாண்டாத பிள்ளைகளுக்கு முழுக் கடலையும் முழுத் திராட்சையும் எந்த இடத்திலும் கொடுக்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இன்சுலின் போட்டுக்கொள்கிறது. கடையில் நிற்கும்போது சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி வியர்த்தால், கையில் கிடைக்கும் பழச்சாற்றையோ குளுக்கோஸையோ உடனே பிரித்துக் கொடுக்க வேண்டும். பில்லும் வரிசையும் அப்புறம். அங்கே தயங்குவதுதான் தவறு.

மற்ற நாட்களுக்கு வழி எளிது. கடைக்குள் நுழைந்ததும் பிள்ளைக்கான ஒரு பொருளை மட்டும் எடுத்து நேராகக் கல்லாவுக்குப் போய், "அண்ணா, இத மட்டும் முதல்ல போட்டுடுங்க, பாப்பா கேக்குது" என்று காசைக் கொடுத்துவிடலாம். மறுக்கும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. காசைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து நீட்டச் சொன்னால் இன்னும் நல்லது. மீதிச் சில்லறையைப் பிள்ளையே வாங்கட்டும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள், பிள்ளையின் காசு காசாகவே திரும்பி வரட்டும். பெரிய கடையில் வரிசை நீளமாக இருந்தால், அங்கே நிற்கும் பணியாளரிடம் பாக்கெட்டைக் காட்டி, "இதப் பிரிக்கிறோம், பில்லுல சேத்துடறோம்" என்று சொல்லிவிட்டு, உறையைக் கூடையின் மேலாக வையுங்கள். போனில் காசு அனுப்பும் பழக்கம் வந்தபிறகு இன்னொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. சிக்னல் இல்லாமல் பணம் போகாமல் நின்றால், மற்ற சாமானை வைத்துவிட்டு வரலாம். பிள்ளை தின்றதை வைத்துவிட்டு வர முடியாது. கைப்பையில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

ஏற்கெனவே பிரித்துவிட்டால்? ஒளிக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். உறையோடு பிள்ளையைக் கல்லாவுக்கு அழைத்துப் போய், "பாப்பா இதத் தொறந்துடுச்சு, இதுக்கும் போட்டுக்குங்க" என்று அதன் எதிரிலேயே சொல்லுங்கள். கடைக்காரர் "இருக்கட்டும்மா" என்று சொன்னாலும் காசைக் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் பாக்கெட்டில் அவருக்கு ஒரு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், போன ஒன்பது ரூபாயை மீட்க இன்னும் ஒன்பது பாக்கெட் விற்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் சொல்ல இருக்கிறது. மிட்டாயைக் கல்லாவுக்கு எதிரே, பிள்ளையின் முகத்துக்கு நேராக அடுக்கிவிட்டு, பிள்ளை தொட்டது என்று கோபப்படுவது நியாயம் ஆகாது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகள் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பணம் கட்டும் இடத்தருகே வைக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அங்கேயே டெஸ்கோ கடைகள் 2016 முதல் பெற்றோரோடு வரும் பிள்ளைகளுக்கு நுழைவாயிலில் ஒரு பழம் இலவசமாகக் கொடுத்தன. நம் ஊர்க் கடைக்கு இது பெரிய செலவா? பொட்டுக்கடலையோ வெல்லத்துண்டோ கொசுறாகப் பிள்ளை கையில் வைத்த கடைகள்தானே நம்முடையவை.

தனியாக வந்த பிள்ளை பிரித்ததைப் பார்த்தால், ஓரமாக அழைத்து, வீடு எங்கே என்று கேட்டு, பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். கட்டி வைப்பதும், தோப்புக்கரணம் போடச் சொல்வதும், கேமராவில் பதிந்ததை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவதும் கூடவே கூடாது. குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளம் ஊடகத்தில் வெளிவரக் கூடாது என்பது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடை வாசலில் யாராவது ஒரு பிள்ளையை அப்படி நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள். இது குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது, நாள் முழுவதும் எடுப்பார்கள். அழைத்து முடித்ததும் அந்தப் பாக்கெட்டுக்கு உரிய காசை நீங்களே கொடுத்துவிட்டு, பிள்ளையின் வீட்டிலிருந்து ஆள் வரும் வரை கூட நில்லுங்கள்.